பட்டம் போட்டீர்கள், பால்வாளியை விட்டுவிட்டீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு உங்கள் நாளிதழின் உள்பக்கத்தில் எங்கள் ரந்தாவ் வட்டாரத்துப் பையன் ஒருவர் இறையியல் கல்லூரியில் விரிவுரையாளராகச் சேர்ந்த செய்தியைப் போட்டிருந்தீர்கள். பையன் என்று எழுதுகிறேன், அவருக்கு நாற்பத்தைந்து தாண்டிவிட்டது, ஆனால் தோட்டத்து வரிசை வீடான லயத்து வாசலில் அரைக்கால் சட்டையோடு கோலி விளையாடியதைப் பார்த்த வாய்க்கு வேறு வார்த்தை வரமாட்டேன் என்கிறது. செய்தி வந்ததில் எங்களுக்கெல்லாம் சந்தோஷம்தான். கறுப்பு அங்கி, தலையில் தொப்பி, கையில் சுருட்டிய காகிதம் எல்லாம் படத்தில் இருந்தது. இளநிலை எங்கே, முதுநிலை எங்கே, முனைவர் பட்டம் எந்த நாட்டில், ஆய்வுத் தலைப்பு என்ன, அதுவும் இருந்தது. அதோடு செய்தி முடிந்துவிட்டது.

மறுநாள் காலை ஒட்டுக்கடையில் பசியாற உட்கார்ந்திருந்தபோது, எங்கள் பழைய தோட்டத்து மாரியம்மன் கோயில் கமிட்டியில் ரொம்ப காலம் பொருளாளராக இருந்த நண்பர் பேப்பரை மடித்து என் பக்கம் தள்ளினார். "ஏன்யா, உங்க சாமியார் பள்ளிக்கூடத்துல வாத்தியார் ஆகணும்னா படிச்சுக்கிட்டேதான் இருக்கணுமா? இந்த ஆளு நடுவுல வேலைக்கே போகலையா?" என்று கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரியாமல் கேட்டார். உங்கள் செய்தியைப் படித்தால் அப்படித்தான் தோன்றும். அவருக்குச் சொன்ன பதில் கோப்பி ஆறுகிற வரைக்கும் நீண்டுவிட்டது, அதில் பாதியையாவது உங்களுக்கும் எழுதிவிடலாம் என்றுதான் இந்தக் கடிதம்.

உங்கள் நிருபரைக் குறை சொல்லவில்லை. யாரோ அனுப்பிய தாளை அப்படியே அச்சுக்குக் கொடுத்திருப்பார். அந்தத் தாள்கள் எல்லாமே ஒரே அச்சில் வார்த்தவை, எனக்குத் தெரியும், நானும் எழுதியிருக்கிறேன்.

முதலில் அந்தப் பையன் விஷயம். அப்பா பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தைச் சீவி வாளியில் பால் எடுத்தவர், அம்மா வெளிக்காட்டு வேலை. ஐந்தாம் படிவம் முடித்ததும் நேராகக் கல்லூரிக்குப் போகவில்லை, ரப்பர்க் கையுறை செய்யும் தொழிற்சாலையில் மூன்று வருடம் இரவு ஷிப்ட் பார்த்தார். அப்புறம்தான் சபை அவரைப் படிக்க அனுப்பியது. படித்து வந்தவுடன் பேராக்கில் ஒரு மூலையில் போட்டார்கள், ஐந்து தோட்டங்களுக்கு ஒரே போதகர். ஒரு ஹோண்டா கப், ஒரு மழைக்கோட்டு, திருவிருந்துக் கிண்ணங்களை ஒரு துண்டில் சுற்றி பழைய மைலோ டின்னில் வைத்து முன்கூடையில் கட்டிக்கொண்டு, ஞாயிறு காலையில் ஒரு தோட்டம், மத்தியானம் இன்னொன்று, சாயங்காலம் மூன்றாவது. மற்ற இரண்டும் வார நாளில். ஒன்பது வருடம். அந்த ஒன்பது வருடத்துக்குள் இரண்டு தோட்டங்களை விற்று, மரத்தைச் சாய்த்து, செம்பனை நட்டார்கள், ஒன்றில் தாமான் என்ற வீடமைப்புப் பகுதி எழும்பியது. ஜனங்கள் பட்டணத்து அடுக்குமாடிக்குப் போனார்கள். சபை மடிந்தது என்று எழுதுவதா, இடம் மாறியது என்று எழுதுவதா என்று அவருக்கே தெரியாமல், வீடு வீடாகத் தேடிப் போய் ஆட்களைக் கண்டுபிடித்து, ஒரு கடைவீட்டு மாடியில் மறுபடி உட்கார வைத்தார். வெளிநாட்டில் அவர் எழுதிய ஆய்வும் இடம்பெயர்ந்த சபைகளைப் பற்றியதுதான். நீங்கள் தலைப்பைப் போட்டீர்கள். அது எந்த மாடிப்படியில் ஏறி வந்தது என்பதைப் போடவில்லை.

சரி, பொதுவாக இந்த ஆசிரியர்கள் எப்படி உருவாகிறார்கள் என்று நண்பர் கேட்டதற்கு வருகிறேன். பள்ளி வாத்தியார் மாதிரி பயிற்சிக் கல்லூரி, நேர்முகத் தேர்வு என்ற வழி இதற்குப் பெரும்பாலும் கிடையாது. சபையில் ஒருவருக்கு அழைப்பு உண்டென்று மூப்பர்கள் சொல்லி, மேலிடம் ஒத்துக்கொண்டு, மூன்று நான்கு வருடம் இறையியல் இளநிலை படித்து, வந்து ஊழியம் செய்து, குருப்பட்டம் பெற்று, சில வருடம் சபை நடத்தியபிறகு, இவருக்குப் படிப்பு வரும் என்று யாராவது கண்டுகொண்டால் முதுநிலைக்கு அனுப்புவார்கள். அதற்கு மேல் போக உதவித்தொகை கிடைக்க வேண்டும், எபிரேயமோ கிரேக்கமோ தலையில் ஏற வேண்டும், வீட்டுக்காரம்மா ஒத்துக்கொள்ள வேண்டும், கடைசியாகச் சொன்னதுதான் பெரிய பரீட்சை. முனைவர் பட்டத்தோடு திரும்பி வந்தாலும் நிரந்தரம் என்று இல்லை. நிறையப் பேர் தங்கள் சபையிலிருந்து கல்லூரிக்கு இரவல் கொடுக்கப்பட்டவர்கள், பேராயர் ஒரு கடிதம் போட்டால் அடுத்த ஜனவரியில் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஏதாவது ஒரு ஊர்ச் சபைக்குப் போக வேண்டியதுதான். பாடம் நடத்துகிற காலத்திலும் ஞாயிற்றுக்கிழமை சும்மா இருக்க முடியாது, எங்காவது பிரசங்கத்துக்குக் கூப்பிட்டுவிடுவார்கள்.

எங்களுக்குப் பக்கத்திலேயே சிரம்பானில் மலேசிய இறையியல் கல்லூரி இருக்கிறது. ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், லுத்தரன் சபைகள் கூடி 1979ல் ஆரம்பித்தது, சிரம்பானுக்கு வந்தது 1998ல். அதற்கு முன்னால் இங்கிருந்து போனவர்கள் பலர் சிங்கப்பூர் டிரினிட்டிக்குத்தான் போனார்கள், அது 1948ல் தொடங்கியது. ஜப்பான்காரன் காலத்தில் சாங்கி சிறையில் அடைபட்டுக் கிடந்த வெவ்வேறு சபைப் போதகர்கள் பேசிப் பேசித்தான் இப்படி ஒரு கல்லூரி வேண்டும் என்ற எண்ணம் பிறந்தது. சிறையிலிருந்து பிறந்த கல்லூரி, அதன் வாத்தியார்களின் குறிப்பில் சிறையும் ஒரு தகுதியாக இருந்திருக்க வேண்டும், ஆனால் அதை எந்தப் பத்தியில் போடுவது?

இன்னும் பின்னால் போனால் எனக்குச் சிரிப்பு வரும். நம் தமிழ்ப் போதகர்கள் இந்தியாவில் படித்து வாங்கி வரும் சான்றிதழ்களில் செராம்பூர் என்று வங்காளத்துக் கல்லூரி ஒன்றின் பெயர் அச்சடித்திருக்கும், அதைச் சட்டம் போட்டு மாட்டுவார்கள். 1818ல் அந்தக் கல்லூரியைத் தொடங்கிய மூன்று பேர் யார்? வில்லியம் கேரி செருப்புத் தைத்தவர். வில்லியம் வார்டு அச்சுக்கூடத்துக்காரர். ஜோஷுவா மார்ஷ்மன் பள்ளி வாத்தியார். இன்றைக்கு அந்தக் கேரி விண்ணப்பம் போட்டால் எந்தக் கல்லூரியும் எடுக்காது. தரங்கம்பாடிக்கு 1706ல் வந்திறங்கிய ஜெர்மன் மிஷனரி சீகன்பால்க் உடம்பு சரியில்லாமல் தன் நாட்டு ஹாலேயில் படிப்பையே முடிக்காதவர். வந்த இடத்தில் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் தமிழ் எழுதிப் பழகினார், பத்து வருடம் கழித்து 1716ல் தமிழர்களை உபதேசியார்களாகப் பயிற்றுவிக்க அங்கேயே பள்ளி வைத்தார். மணலில் எழுதியது அவருடைய குறிப்பில் இருக்க வேண்டுமா வேண்டாமா, நீங்களே சொல்லுங்கள்.

நம் நாட்டுக் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். பினாங்கில் கத்தோலிக்கர்களின் காலேஜ் ஜெனரல் குருமடம், 1665ல் சயாமில் அயூத்தியாவில் தொடங்கி, அலைந்து திரிந்து, 1808ல் பினாங்கு வந்தது. அங்கே வாத்தியாராக இருந்த இரண்டு பிரெஞ்சுக்காரர்கள், இம்பேர், சஸ்தான் என்று பெயர், பிற்பாடு கொரியாவுக்குப் போய் 1839ல் தலைவெட்டப்பட்டு இறந்தார்கள். 1984ல் அவர்களைப் புனிதர்களாக அறிவித்தார்கள். பினாங்கில் பாடம் சொல்லிக்கொடுத்தவர்கள் என்பது நம் கத்தோலிக்க நண்பர்களிலேயே பாதிப் பேருக்குத் தெரியாது, கேட்டுப் பாருங்கள்.

ஜி.யு. போப்பை எல்லாருக்கும் தெரியும், திருக்குறளை 1886ல் ஆங்கிலத்தில் தந்தவர், ஆக்ஸ்போர்டில் தமிழ் சொல்லிக்கொடுத்தவர். அதற்கு நாற்பது வருடத்துக்கு முன்னால் அவர் திருநெல்வேலிப் பக்கம் சாயர்புரத்தில், பனங்காட்டுக்கு நடுவில், கிராமத்துப் பையன்களை ஊழியத்துக்குத் தயார்செய்யும் பள்ளி நடத்திக்கொண்டிருந்தார். அதே சாயர்புரத்தில் பிற்பாடு தமிழாசிரியராகச் சேர்ந்த எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை, சேரும்போது வைணவர். கிறிஸ்தவரானது 1858ல். சாமியார் பள்ளிக்கூடத்தில் நாமம் போட்ட வாத்தியார் என்று சொன்னதும் கமிட்டி நண்பர் ரோட்டியைக் கீழே வைத்துவிட்டார், "அப்படின்னா நானும் வரலாமா?" என்றார்.

வெளிநாட்டில் படித்தவர்களைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். கோசுகே கோயாமா என்ற ஜப்பான்காரர் அமெரிக்காவில் முனைவர் பட்டம் வாங்கிவிட்டு 1960ல் வட தாய்லாந்தில் சியாங் மாய்க்குப் பாடம் நடத்த வந்தார். பிரசங்கம் செய்யப் போகும் வழியில் சேற்றில் எருமைகள் நிற்கும். இந்த எருமையோடு தினம் வேலை செய்கிற சனத்துக்கு நான் என்ன பாஷையில் பேசுவது என்ற கேள்வி அவரைப் பிடித்துக்கொண்டது, படித்ததையெல்லாம் எருமையிலிருந்து மறுபடி ஆரம்பித்தார். அப்புறம் சிங்கப்பூர், நியூசிலாந்து, கடைசியில் நியூயார்க் வரைக்கும் போய்ப் பாடம் நடத்தினார். எங்கே போனாலும் அவரை அந்த எருமையோடு சேர்த்துத்தான் பேசினார்கள். சிரம்பான் கல்லூரிக்கு முன்பு முதல்வராக இருந்து பிற்பாடு மெதடிஸ்ட் பேராயரான ஹுவா யுங் கேட்டதும் கிட்டத்தட்ட இதே கேள்விதான், ஆசிய இறையியல் மாம்பழமா வாழைப்பழமா என்று 1997ல் ஒரு புத்தகமே எழுதினார். வாழைப்பழம் வெளியே மஞ்சள், உரித்தால் வெள்ளை, அதாவது தோலில் ஆசியா, உள்ளே வெள்ளைக்காரன். எங்கள் ஆள் ஒருவரும் உண்டு, சடையாண்டி பத்துமலை, ஆங்கிலிக்கன் குரு, இறையியல் கல்லூரியில் பாடம் நடத்தியவர், மலேசியாவில் பக்கத்து வீட்டுக்காரனோடு எப்படி வாழ்வது என்பதையே இறையியலாக எழுதியவர். பெயரிலேயே பத்துமலை இருக்கிற ஒருவர் வேறு எதைப் பற்றி எழுதுவார்!

மதுரை அரசரடியில் 1969ல் தொடங்கிய தமிழ்நாடு இறையியல் கல்லூரியையும் சொல்லாமல் விடக் கூடாது, எங்கள் பக்கத்திலிருந்தும் சிலர் அங்கே போய்த் தமிழில் படித்திருக்கிறார்கள். தியாபிலஸ் அப்பாவு அங்கே ஆசிரியர், நாட்டுப்புறப் பாட்டையும் பறையையும் ஆராதனைக்குள் கொண்டுவந்தவர், ஒரே உலையில் பொங்கிச் சேர்ந்து சாப்பிடுவதைத்தான் திருவிருந்து என்று சொல்லிக்கொடுத்தவர். ஜெர்மனியில் பிறந்த கேப்ரியேலா டீட்ரிக் என்ற அம்மையாரும் அங்கேதான் பாடம் நடத்தினார், வகுப்பு முடிந்தால் பெண்கள் இயக்கத்து வேலை. எங்கள் லயங்களில் மத்தியான வேளையில் பெண்களுக்கு வேதம் வாசிக்கச் சொல்லிக்கொடுத்த அக்காமார்கள், பாதிப் பேருக்கு அவர்களால்தான் தமிழ் எழுத்தே தெரிந்தது, அவர்கள் எந்தக் கல்லூரிப் பட்டியலிலும் இல்லை. அது தனிக் கடிதம்.

இப்போது நான் எழுத வந்த விஷயம். இதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் வெட்கம்தான்.

எங்கள் பகுதிக்குத் தொண்ணூறுகளில் ஒரு விரிவுரையாளர் சனிக்கிழமைகளில் வந்து, உள்ளூர்ப் பிரசங்கிகளுக்கு வகுப்பு எடுத்தார். நான் அப்போது தோட்ட ஆபீசில் கிராணி, அதாவது கணக்கெழுதும் குமாஸ்தா, ஞாயிற்றுக்கிழமைகளில் பிரசங்கிப்பவன், அதனால் நானும் உட்கார்ந்தேன். ஒல்லி மனிதர், கண்ணாடியை நூல் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். ஒரு சனிக்கிழமை ரோமர் பதினோராம் அதிகாரம், காட்டு ஒலிவக் கிளையை நல்ல ஒலிவ மரத்தில் ஒட்டவைத்ததாகப் பவுல் எழுதும் பகுதி. மனிதர் வேதப்புத்தகத்தைத் திறக்கவில்லை. நெகிழிப் பையில் வளர்ந்த இரண்டு ரப்பர்க் கன்றுகளையும், இலை கழித்த ஒரு ஒட்டுக் குச்சியையும் மேசையில் வைத்தார். பாக்கெட்டிலிருந்து மடக்குக் கத்தி ஒன்றை எடுத்தார், அதன் முனையைக் கட்டைவிரல் நகத்தில் வைத்துப் பார்த்தார். அப்புறம் கன்றின் அடித்தண்டைத் துணியால் துடைத்து, நெடுக்காக இரண்டு கீறல், குறுக்காக ஒன்று. பால் கசிந்தது, அது வடியும்வரை பேசாமல் நின்றார். பட்டையை நாக்கு மாதிரி பிரித்து, குச்சியிலிருந்து ஒரு மொட்டைப் பட்டையோடு சீவி உள்ளே பொருத்தி, நாக்கை மூடி, நாடாவால் கீழிருந்து மேலாகச் சுற்றி இறுக்கினார். மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. எழுபது வயதை நெருங்கிய எங்கள் பழைய மாண்டோர், வேலையாட்களின் மேற்பார்வையாளர், முன்வரிசையில் இருந்தார், அவர் மெதுவாக, "இது படிச்ச கை இல்ல, பழகின கை" என்றார்.

அந்த மாண்டோர்தான் கேள்வியும் கேட்டார். "ஐயா, நாங்க நல்ல சாதி மொட்டைத்தான் காட்டுக் கன்னுல ஒட்டுவோம். ஆர்ஆர்ஐஎம் 600 ரக ரப்பர் மொட்டை எடுத்து விதைக்கன்னுல ஒட்டினா பால் வரும். பவுல் தலைகீழா எழுதியிருக்காரே, காட்டுக் கிளையை நல்ல மரத்துல ஒட்டினா எந்தத் துரை சம்பளம் குடுப்பான்?" வகுப்பே சிரித்தது. பவுல் பட்டணத்து ஆள், தோட்ட வேலை தெரியாமல் எழுதிவிட்டார் என்று சொன்ன அறிஞர்கள் உண்டு என்று அவர் முதலில் சொன்னார். அப்புறம் அந்த அதிகாரத்தின் 24ஆம் வசனத்தை வாசிக்கச் சொன்னார். "சுபாவத்திற்கு விரோதமாய்" என்று இருந்தது. "தெரியாம எழுதலைங்க. யாரும் செய்யாததை ஆண்டவர் செஞ்சாருன்னு சொல்றாரு. ஒட்டுக் கட்டினவனுக்குத்தான் இந்த ரெண்டு வார்த்தை எவ்வளவு பெரிசுன்னு தெரியும்" என்றார். மூன்று வாரம் கழித்து வந்தபோது அதே கன்றுகளின் நாடாவை அவிழ்த்து, மொட்டுப் பட்டையை நகத்தால் லேசாகச் சுரண்டிக் காட்டினார். ஒன்று பச்சை, ஒன்று கறுத்துப்போயிருந்தது. "நூத்துக்கு நூறு யாருக்கும் பிடிக்காது" என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார். வேதபாடத்தில் நான் எத்தனையோ விளக்கம் கேட்டிருக்கிறேன், சுரண்டிப் பார்த்து ஒத்துக்கொண்ட வாத்தியார் அவர் ஒருவர்தான்.

பிறகு அவர் ஓய்வுபெற்ற சமயத்தில் சபையின் விழா மலரில் அவரைப் பற்றி அரைப்பக்கம் போடுவதென்று முடிவானது. தட்டச்சு தெரிந்தவன் என்பதால் வேலை என் தலையில் விழுந்தது. அவரிடம் கேட்டேன், கைப்பட எழுதிக் கொடுத்தார். முதல் வரி: "1961 முதல் 1967 வரை தோட்ட நாற்றங்காலில் ஒட்டுக் கட்டும் வேலை. கூலி, பிடித்த கன்றுக்கு மட்டும்." அடுத்த வரிதான் மதுரை. அப்புறம் சபைகள், சிங்கப்பூர், முதுநிலை, கற்பித்த பாடங்கள், அப்படியே போகும்.

அச்சகத்தில் நான்கு வரி அதிகம் என்றார்கள். நான் எதை வெட்டினேன் என்று நீங்களே யூகித்திருப்பீர்கள். முதல் வரியை அடித்தேன், பட்டங்களை வைத்தேன். ஒரு முதுநிலைப் பட்டதாரியின் குறிப்பு நாற்றங்காலில் ஆரம்பித்தால் வாசிக்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று அன்றைக்குத் தோன்றியது. நானே தோட்டத்து ஆபீசில் உட்கார்ந்துகொண்டு, செக்ரோல் என்ற கூலிப் பதிவேடு எழுதிக்கொண்டு, அந்த ஒட்டுக்காரர்களுக்குக் கூலி கணக்குப் போட்டவன், எனக்கே அப்படித் தோன்றியது. மலர் வந்ததும் ஒரு பிரதியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாசித்தார். "நல்லா வந்திருக்கு தம்பி" என்றார். தாளைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அவர் கேட்டிருக்கலாம் என்று எனக்கு இப்போதும் இருக்கிறது.

அவர் இறந்து பல வருடமாகிவிட்டது. போன ஞாயிறு உங்கள் செய்தியைப் பார்த்ததும் என் அலமாரியில் தேடி அந்தத் தாளை எடுத்தேன். மூலையில் கரையான் கொஞ்சம் தின்றிருக்கிறது, முதல் வரி நன்றாகத் தெரிகிறது, நான் போட்ட சிவப்புக் கோடும் தெரிகிறது. நகல் இத்துடன் வைத்திருக்கிறேன்.

எனக்கு வேண்டியது இரண்டுதான். ஒன்று, இந்த நகலை இடம் இருந்தால் போடுங்கள், சிவப்புக் கோட்டோடு போட்டாலும் சரி. இரண்டு, புது விரிவுரையாளரை உங்கள் நிருபர் மறுபடி பார்த்தால் கையுறைத் தொழிற்சாலையையும் அந்த மைலோ டின்னையும் பற்றிக் கேட்கச் சொல்லுங்கள். அவர் முதலில் கூச்சப்படுவார், தானாகச் சொல்லமாட்டார், ஒரு கோப்பி வாங்கிக் கொடுத்தால் பேசுவார். படம் வேண்டுமென்றால் பழைய விரிவுரையாளரின் மடக்குக் கத்தி சிரம்பானில் அவர் மகள் வீட்டில் இருக்கிறது. பிடி உடைந்து வேறு மரம் போட்டிருக்கிறார்கள், அந்தம்மா அதில்தான் வெங்காயம் உரிக்கிறார், முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போனால் கழுவி வைப்பார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தோட்டக் கிராணி,
ரந்தாவ், நெகிரி செம்பிலான்.